டீச்சரைக் கேளுங்கள்: காலை ஆராதனையில் யார் பாட வேண்டும்?

பிரஸ்பிட்டேரியன் (மூப்பர்கள் நிர்வகிக்கும் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவு) பெண்கள் பள்ளி ஒன்றில் இசை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்று போன இதழில் என்னை அறிமுகப்படுத்தினார்கள். அவ்வளவுதான், கடிதங்கள் குவிந்துவிட்டன. பெற்றோர் எழுதியவை அதிகம். மாணவிகள் எழுதியவை குறைவு, ஆனால் அவைதான் சுவாரசியம். பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். அதனால் யார் பெயரும் இங்கே இல்லை.

எங்கள் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம் அல்ல. படிப்பு நன்றாக இருக்கிறது என்பதற்காக மகளை பிரஸ்பிட்டேரியன் பள்ளியில் சேர்த்திருக்கிறோம். தினமும் காலை ஆராதனையில் பாட்டு, வேத வாசிப்பு, ஜெபம். அவள் பாடித்தான் ஆக வேண்டுமா? வேண்டாம் என்று சொன்னால் தப்பாக நினைப்பார்களா?
(ஆறாம் வகுப்பு மாணவியின் தாய்)

முதலில், சேர்க்கையின்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் படியுங்கள். ஆராதனையில் கலந்துகொள்வது பற்றி அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். கலந்துகொள்வது வேறு, பாடுவது வேறு. பள்ளிக்குப் பள்ளி வழக்கம் மாறும்.

பிறகு தலைமை ஆசிரியையிடம் நேரில் பேசுங்கள். தயங்க வேண்டாம். பிரஸ்பிட்டேரியன் சபைகளின் அடிப்படை ஆவணமான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையில், இருபதாம் அதிகாரத்தில், மனசாட்சிக்கு ஆண்டவர் தேவன் ஒருவரே என்று தெளிவாக எழுதியிருக்கிறது. 1640-களில் எழுதியது. ஒரு மனிதரின் மனசாட்சியை இன்னொரு மனிதர் கட்டிப்போட முடியாது என்று சொல்லும் சபை நடத்தும் பள்ளி அது. உங்கள் கேள்வியை அவர்கள் அவமரியாதையாக எடுத்துக்கொள்ள நியாயமே இல்லை.

என் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: எல்லோரோடும் எழுந்து நில், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள், பாடத் தோன்றினால் பாடு, இல்லையென்றால் சும்மா நில். காரணம் கேட்டதில்லை. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள் அம்மா: "பாடுகிற மாதிரி வாயை மட்டும் அசை" என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அது சபைக்கும் மரியாதை இல்லை, உங்கள் நம்பிக்கைக்கும் மரியாதை இல்லை. அதைவிட, பாட்டின் வரிகளை வீட்டில் ஒருமுறை உட்கார்ந்து அவளோடு படித்து, "இதை அவர்கள் இப்படி நம்புகிறார்கள், நாம் இப்படி நம்புகிறோம்" என்று பேசிவிடுங்கள். பதினோரு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும்.

மகள் ஏழாம் வகுப்பு. பாட ஆசை. பாடகர் குழுத் தேர்வில் "உனக்குச் சுருதியே சேரவில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது போகட்டும். காலை ஆராதனையிலும் பக்கத்தில் நிற்கும் ஆசிரியை, "நீ மெதுவாகப் பாடு, மற்றவர்களைக் குழப்பாதே" என்கிறாராம். பிள்ளை வீட்டிலும் பாடுவதை நிறுத்திவிட்டாள்.
(ஒரு தந்தை)

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பாடகர் குழுவுக்குத் தேர்வு வைப்பது சரி. அது ஒரு வேலைக்காகச் சேர்க்கும் குழு. ஆனால் காலை ஆராதனையில் ஒரு பிள்ளையின் வாயை அடைப்பது, அந்தப் பள்ளி எந்த மரபில் வந்ததோ அந்த மரபையே மறப்பது.

ஏன் சொல்கிறேன் என்றால், இந்த மரபின் இசை தொடங்கியதே பாடத் தெரியாதவர்களை வைத்துத்தான். 1537-ல் ஜெனீவா நகர சபைக்கு, இந்த மரபின் மூலவரான சீர்திருத்தவாதி கால்வினும் அவருடைய தோழர்களும் ஒரு திட்டம் கொடுத்தார்கள். அதுவரை கோயிலில் பாடியவர்கள் குருமாரும் பயிற்சி பெற்ற பாடகர்களும். ஜனங்கள் கேட்டுக்கொண்டு நின்றவர்கள். இனி ஜனங்களே சங்கீதங்களை, அதாவது வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் உள்ள பாட்டுகளை, பாட வேண்டும் என்றார் கால்வின். பெரியவர்களுக்குத்தான் பாடத் தெரியாதே, என்ன செய்வது? சில பிள்ளைகளுக்கு முதலில் கற்றுக்கொடுங்கள், அவர்கள் உரத்த, தெளிவான குரலில் பாடட்டும், பெரியவர்கள் கவனித்துக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கூடப் பாடப் பழகட்டும் என்பதுதான் யோசனை. பள்ளிப் பிள்ளைகள் ஊருக்கே வாத்தியார்! 150 சங்கீதங்களுக்கும் மெட்டுப் போட்டு முடிக்க 1562 வரை ஆனது.

ஸ்காட்லாந்துக்கு வந்தபோது இது இன்னும் எளிமையானது. 1650-ல் வந்த சங்கீதப் புத்தகத்தில் பெரும்பாலான சங்கீதங்களை ஒரே அளவில் எழுதிவைத்தார்கள்: முதல் வரியில் எட்டு அசை, இரண்டாவதில் ஆறு, மறுபடி எட்டு, ஆறு. அந்த அளவுக்கு உட்கார்ந்த எந்த மெட்டிலும் எந்தச் சங்கீதத்தையும் பாடிவிடலாம். அதற்கு முன்பே, 1615-ல் அச்சான பதிப்பில், 'பொது மெட்டுகள்' என்று பன்னிரண்டைத் தனியாகக் கொடுத்திருந்தார்கள். பன்னிரண்டு மெட்டு தெரிந்தால் ஆயுசு முழுக்கப் பாடலாம். வாசிக்கத் தெரியாதவர்களுக்காக ஒருவர் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுக்க, சபை அதைத் திருப்பிப் பாடியது. யாரும் வெளியே நிற்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடுகள் இவை.

இன்னொரு ஆள் பெயரும் சொல்ல வேண்டும். சாரா குளோவர். இங்கிலாந்தில் நாரிச் ஊரில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த பெண்மணி. சபை பாடும் சங்கீதம் சகிக்கவில்லையே என்று, ஸ்வரங்களுக்கு எழுத்துகளை வைத்துப் பாடக் கற்றுக்கொடுக்கும் ஒரு முறையை உருவாக்கி 1835-ல் புத்தகமாகப் போட்டார். அதை எடுத்துத் திருத்தி உலகமெங்கும் பரப்பியவர் ஜான் கர்வென் என்ற போதகர். டோனிக் சோல்ஃபா என்று நம்மில் பலர் கற்றது அதுதான். பேர் அவருக்குப் போனது, வேலை இந்த அம்மாவுடையது. சரி, அது தனிக் கதை.

இப்போது உங்கள் மகள் விஷயம். "சுருதி சேரவில்லை" என்று சொல்லப்படும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குக் காதில் கோளாறு எதுவும் இல்லை. தன் குரலை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், பேசும் குரலிலேயே பாடுகிறார்கள், அவ்வளவுதான். வீட்டில் இப்படிச் செய்யுங்கள். அவளை ஏதாவது ஒரு ஸ்வரத்தில் 'ஊ' என்று நீட்டச் சொல்லுங்கள். எந்த ஸ்வரமானாலும் சரி. நீங்கள் அவள் சுருதிக்குப் போய்ச் சேருங்கள். இரண்டு குரலும் ஒன்றாகும்போது எப்படி இருக்கிறது என்பதை முதலில் அவள் உணரட்டும். அப்புறம் அங்கிருந்து ஒரு படி மேலே போங்கள், அவளைக் கூட்டிக்கொண்டு. 'ஊ' என்று கீழிருந்து மேலே, ஆம்புலன்ஸ் சத்தம் மாதிரி இழுத்து விளையாடினால் தலைக்குரல், அதாவது மேல் ஸ்வரங்களுக்கான மெல்லிய குரல், தானாகத் திறக்கும்.

அதற்குப் பிறகு ஒரு பழைய மெட்டு. '100-ம் சங்கீத மெட்டு' என்றால் எந்தச் சபையிலும் தெரியும். 1551-ல் ஜெனீவாவில் 134-ம் சங்கீதத்துக்காக அச்சானது, ஆங்கிலத்தில் 100-ம் சங்கீதத்தோடு ஒட்டிக்கொண்டது. முதல் வரி நம் ஸ்வரத்தில் இப்படி வரும்: ச ச நி த ப ச ரி க. இதில் நி த ப மூன்றும் கீழ் ஸ்தாயி. ச-வில் கால் ஊன்றி, படிப்படியாகக் கீழே இறங்கி, ஒரே தாவலில் ச-வுக்குத் திரும்பி, மேலே இரண்டு படி ஏறுகிறது. கடைசி வரி ப க ச ரி ம க ரி ச. மேல் ப-வில் ஆரம்பித்து வீட்டுக்கு வந்துவிடுகிறது. மொத்த மெட்டும் கீழ்ப் ப-விலிருந்து மேல் ப வரை, ஒரே ஸ்தாயி அகலம். யார் குரலுக்கும் எட்டும். கஷ்டமான இடம் அந்தக் கடைசி வரியின் முதல் ஸ்வரம் மட்டும்தான். அதை மட்டும் தனியாகப் பிடிக்கப் பழக்குங்கள். மூச்சை வரிக் கடைசியில் எடுக்கட்டும், நடுவில் வேண்டாம்.

பள்ளிக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். பாடகர் குழுவில் இடம் கேட்டு அல்ல. ஆராதனையில் அவள் பாடுவதை யாரும் தடுக்க வேண்டாம் என்று.

நான் ஒன்பதாம் வகுப்பு. காலை ஆராதனைக்குப் பியானோ வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள் டீச்சர். வீட்டில் தப்பில்லாமல் வாசிக்கிறேன். மண்டபத்தில் எல்லோரும் பாட ஆரம்பித்ததும் எல்லாம் குழம்பிவிடுகிறது. அவர்கள் மெதுவாகிக்கொண்டே போகிறார்கள். பாடகர் குழு அக்காக்கள் என்னை முறைக்கிறார்கள்.

முறைக்கட்டும் கண்ணு, அக்காக்கள் வேலையே அதுதான்.

வாசிக்க உட்கார்ந்ததும் உடனே விரலை வைக்காதே. பாட்டின் முதல் சரணத்தை மனசுக்குள் பாடிப் பார், வார்த்தையோடு. அந்த வேகம்தான் சரியான வேகம். வீட்டில் வாசித்த வேகம் பெரும்பாலும் அதைவிட அதிகமாக இருக்கும். மண்டபத்தில் நிறையப் பேர் சேர்ந்து மூச்சு எடுக்க நேரம் வேண்டாமா?

முன்னிசையாக முதல் வரியையோ கடைசி வரியையோ வாசிப்பாய். அதை எந்த வேகத்தில் வாசித்தாயோ அதே வேகத்தில்தான் பாட்டும் வர வேண்டும். முன்னிசையின் முடிவில் குழைந்து குழைந்து மெதுவாக்கினால் அவர்கள் அந்தக் குழைவையே பாட்டின் வேகம் என்று எடுத்துக்கொள்வார்கள். பாதிப் பிரச்சினை இங்கேதான் பிறக்கிறது.

வரி முடியும் இடத்தில் நீயும் கூடப் பாடு, நீயும் மூச்சு எடு. கை தானாக ஒரு நொடி எழும்பும். அந்த இடைவெளியைக் கேட்டுத்தான் கூட்டம் மூச்சு எடுக்கிறது. சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவே எத்தனை தாளம் விடுகிறாய் என்பதை முதலிலேயே முடிவு செய்து, கடைசிவரை மாற்றாதே. அவர்கள் இழுத்தால் சத்தத்தைக் கூட்டாதே. ஸ்வரங்களைச் சற்றுக் குறுக்கி, தெளிவாக வெட்டி வாசி. இடக்கையில் கீழ் ஸ்வரத்தை எட்டு ஸ்வரம் தள்ளி இரட்டையாகப் போடு. கூட்டம் பிடித்துக்கொண்டு நடப்பது அந்தக் கீழ்ச்சுருதியைத்தான்.

புது ஹார்மனி எல்லாம் கடைசிச் சரணத்துக்கு மட்டும் வைத்துக்கொள், அதுவும் முன்கூட்டியே சொல்லிவிட்டு. ஜெனீவாவில் சங்கீத மெட்டுகளைத் தொகுத்த லூயி பூர்ஷ்வாவையே, மெட்டுகளை அனுமதியில்லாமல் மாற்றினார் என்று 1551-ல் சிறையில் போட்டார்கள். கால்வின் தலையிட்டுத்தான் வெளியே வந்தார். உன்னை அவ்வளவு தூரம் செய்ய மாட்டார்கள்.

பள்ளியில் இப்போது கிட்டார், டிரம்ஸ் எல்லாம் ஆராதனைக்கு வந்துவிட்டன. நான் அதே பள்ளியின் பழைய மாணவி. எங்கள் காலத்தில் ஆர்கன் மட்டும்தான். பாரம்பரியத்தைக் கெடுக்கிறார்களே என்று வருத்தமாக இருக்கிறது.

உங்கள் வருத்தம் புரிகிறது அக்கா. ஆனால் ஆர்கனையே பாரம்பரியம் என்று சொன்னால் பழைய ஸ்காட்லாந்து மூப்பர்கள் கல்லறையில் புரண்டு படுப்பார்கள். அவர்களுக்கு ஆர்கன் ஒரு 'விசில் பெட்டி'. கிண்டலாக அப்படித்தான் கூப்பிட்டார்கள். 1807-ல் கிளாஸ்கோவில் செயின்ட் ஆண்ட்ரூஸ் சபையில் ஆராதனைக்கு ஆர்கன் வாசித்தார்கள். பெரிய ரகளையாகி, பிரஸ்பிட்டரி (போதகர்களும் மூப்பர்களும் கூடும் வட்டார மன்றம்) கூடி நிறுத்திவிட்டது. 1860-களில் மறுபடி துணிந்த ஒரு போதகர்: எடின்பரோவில் கிரேஃபிரையர்ஸ் சபையின் ராபர்ட் லீ. முதலில் ஹார்மோனியம், பிறகு ஆர்கன். அவர் செய்த இன்னொரு 'அக்கிரமம்', ஜனங்களை எழுந்து நின்று பாட வைத்தது. அதுவரை ஜெபத்துக்கு நிற்பார்கள், பாட்டுக்கு உட்கார்ந்துகொள்வார்கள்! இன்று எந்தப் பள்ளி மண்டபத்திலும் பாட்டு என்றதும் நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறதே, அதற்கும் ஒரு காலத்தில் சண்டை நடந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஃப்ரீ சர்ச் வாத்தியங்களுக்கும், சங்கீதங்கள் அல்லாத பாமாலைகளுக்கும் வழிவிட்டது 2010-ல்தான்.

அதனால் எந்த வாத்தியம் என்று நான் கேட்க மாட்டேன். டிரம்ஸ் அடிக்கும்போது பிள்ளைகள் பாடுவது காதில் விழுகிறதா என்று கேட்பேன். மேடையில் நாலு பேர் மைக் பிடித்துப் பாட, மற்றவர்கள் கைதட்டிக்கொண்டு நின்றால் அது கச்சேரி. அதை எதிர்த்து நீங்கள் பழைய மாணவியர் சங்கத்தில் பேசுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் ஆர்கனிலும் இதே குற்றம் நடக்கும். பாடுகிறவர்களை மூழ்கடிக்கிற ஆர்கன் வாசிப்பை நான் எவ்வளவோ கேட்டிருக்கிறேன்.

எட்டாம் வகுப்பில் இருக்கிறேன். போன வருஷம் மேல் ஸ்வரம் எல்லாம் சுலபமாக வரும். இப்போது காற்றுதான் வருகிறது. பையன்களுக்குத்தானே குரல் உடையும் என்று தோழிகள் சிரிக்கிறார்கள்.

பெண் பிள்ளைகளுக்கும் குரல் மாறும்மா. ஆண் பிள்ளைகள் அளவுக்கு வெளியே தெரியாது. குரல்வளை வளரும் காலத்தில் குரல்நாண்கள் முழுதாக மூடாமல், பின்பக்கம் சின்ன இடைவெளி விழும். அதன் வழியாகக் காற்று கசிவதுதான் நீ கேட்பது. வளர வளரச் சரியாகும். அதுவரை கத்திப் பாடாதே, தொண்டையை இறுக்கி மேலே தள்ளாதே. இரண்டாம் குரல் பாடிக்கொண்டிரு. "இனி நீ ஆல்டோ" (பெண்களின் கீழ்க்குரல்) என்று இப்போதே முத்திரை குத்தினால் ஒப்புக்கொள்ளாதே. பெண்கள் பள்ளிகளில் ஆல்டோ பஞ்சம் எப்போதும் உண்டு. அதனால் இந்த முத்திரை அவசரமாக விழும். தொண்டை வலித்தாலோ கரகரப்பு வாரக்கணக்கில் நின்றாலோ டாக்டரிடம் காட்டு.

இந்தப் பள்ளிகளில் படித்து உலகப் புகழ் பெற்ற பாடகி யாராவது உண்டா?

ஆஸ்திரேலியாவின் ஓபரா பாடகி நெல்லி மெல்பா. 1861-ல் பிறந்தவர், இயற்பெயர் ஹெலன் போர்ட்டர் மிட்செல். மெல்போர்னில் 1875-ல் தொடங்கிய பிரஸ்பிட்டேரியன் லேடீஸ் காலேஜில் படித்தார். காலேஜ் என்று பெயர், உண்மையில் பெண்கள் பள்ளி. 1887-ல் பிரஸ்ஸல்ஸில் ஓபரா மேடை ஏறினார், அப்புறம் நடந்தது ஊரறிந்தது. அவருடைய அப்பா கட்டடக் கான்ட்ராக்டர். மெல்போர்ன் நகரத்தின் ஸ்காட்ஸ் சர்ச்சைக் கட்டியவர் அவர்தான். 1931-ல் மெல்பாவின் அடக்க ஆராதனையும் அங்கேதான் நடந்தது.

அதே பள்ளியின் விடுதியில் சில வருஷம் கழித்து இன்னொரு பெண் இருந்தார், எதெல் ரிச்சர்ட்சன். பியானோவில் கெட்டி. 1888-ல் ஜெர்மனியின் லைப்சிக் போய் இசை படித்தார். கச்சேரி மேடையை விட்டுவிட்டு, ஹென்றி ஹாண்டல் ரிச்சர்ட்சன் என்ற ஆண் பெயரில் நாவலாசிரியை ஆனார். பியானோ படித்த பிள்ளை பியானிஸ்ட் ஆகவில்லையே என்று புலம்பும் தாய்மார்கள் கவனிக்கவும்.

பாடகர் குழுப் பயிற்சியில் எங்கள் மாஸ்டர் 23-ம் சங்கீதத்தை வார்த்தையே இல்லாமல் 'நூ நூ' என்று பாட வைக்கிறார். தேவ வசனத்தைக் கேலி செய்வதாகாதா?

நேர்மாறாக யோசித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். 18-ம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் பாட்டுப் பயிற்சி வகுப்பில் சங்கீதத்தின் வார்த்தைகளைப் பாடுவதைத்தான் மரியாதைக் குறைவு என்று நினைத்தார்கள். தப்பும் தவறுமாகப் பழகுவதற்குப் பரிசுத்த வசனமா என்று. அதற்காகவே அதே அளவில் சும்மா வேடிக்கை வரிகளை எழுதி, அதில் மெட்டைப் பழகிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சபையில் மட்டும் உண்மையான வார்த்தைகளைப் பாடினார்கள். மாஸ்டர் 'நூ' சொல்வது உதட்டைக் குவித்து எல்லோர் குரலையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவர. வார்த்தை பிறகு வரும், விடுங்கள்.

பிரஸ்பிட்டேரியன்கள் ஒரு காலத்தில் கிறிஸ்துமஸ் கொண்டாடவில்லை என்கிறாரே எங்கள் வரலாறு மிஸ்?

மிஸ் சொல்வது உண்மை. வேதத்தில் கட்டளையிடாத பண்டிகை எதற்கு என்பது அவர்கள் வாதம். ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் பொது விடுமுறை ஆனதே 1958-ல்தான். உங்கள் பள்ளியின் கேரல் ஆராதனையைப் பார்த்து, ஸ்காட்லாந்தில் சீர்திருத்தத்தை நடத்திய ஜான் நாக்ஸ் என்ன சொல்லியிருப்பாரோ! நான் கேரலை விட மாட்டேன்.

ஆர்கன் கற்றுக்கொள்ள ஆசை. எந்த வயதில் ஆரம்பிக்கலாம்? வேறு என்ன வேண்டும்?
(பத்தாம் வகுப்பு மாணவி)

வயதை விடு, பெஞ்சில் நேராக உட்கார்ந்து இரண்டு காலும் பெடலுக்கு எட்டினால் ஆரம்பிக்கலாம். அதற்கு முன் பியானோவில் நாலு குரல் பாமாலையை நிற்காமல் வாசிக்கத் தெரிந்திருந்தால் நல்லது. ஆர்கனில் விரலை எடுத்த நொடியே சத்தம் நின்றுவிடும், பியானோவில் போல மிதியை மிதித்துச் சமாளிக்க முடியாது. அதனால் ஒரு விரலை மாற்றி இன்னொரு விரலை வைக்கும் பழக்கம் முதலில் வர வேண்டும். ஆரம்பத்தில் வலக்கையில் மெட்டு மட்டும், காலில் கீழ்ச்சுருதி மட்டும் வாசி, இடக்கை மடியில் இருக்கட்டும். அப்புறம் செருப்பு. ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டுக்கொண்டு வந்துவிடாதே. மெல்லிய தோல் அடி, கொஞ்சம் குதி வைத்தது வேண்டும். ரப்பர் அடி பெடலைப் பிடித்துக்கொள்ளும். ஆர்கனில் கால் வழுக்கத்தான் வேண்டும்.